கோர்ட்டுல மரியாதை இல்லாம நடந்துக்கிட்டீங்கன்னு மேஜிஸ்ட்ரேட் தண்டிச்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கீழ் கோர்ட்டுல வக்கீலா இருக்கேன். வாய்தாவுக்கு வர்றவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது கேஸ் ஜெயிக்குமா தோக்குமான்னு இல்ல, "சார், உள்ள போயி ஏதாச்சும் தப்பா பேசிட்டா அப்படியே பிடிச்சு உள்ள போட்ருவாங்களா"ன்னுதான் கேக்குறாங்க. இந்த பயம் ரொம்ப பேருக்கு இருக்கு, ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னு எடுத்து சொல்ல ஆள் இல்ல, அதனால திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்க ஒண்ணா போடுறேன்.

மேஜிஸ்ட்ரேட் நெனச்சா என்னை அந்த இடத்துலயே ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா?

நேரா ஜெயில் தண்டனை கொடுக்க முடியாது. இதுல ரெண்டு சட்டம் இருக்கு, ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறதாலதான் இவ்ளோ பயம்.

முதல்ல குற்றம் எதுன்னு சொல்றது பாரதிய நியாய சன்ஹிதா 267வது பிரிவு, பழைய ஐ.பி.சி.ல இது 228. கோர்ட் விசாரணை நடத்திட்டு இருக்கும்போது அங்க உக்காந்திருக்கிற அதிகாரியை வேணும்னே அவமானப்படுத்தினாலோ, வேணும்னே விசாரணையை இடைமறிச்சாலோ 6 மாசம் வரைக்கும் சாதாரண ஜெயில், இல்ல 5000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். பழைய சட்டத்துல அபராதம் 1000 ரூபாதான் இருந்துச்சு, 2024 ஜூலை 1ல புது சட்டம் வந்தப்போ ஏத்திட்டாங்க.

ஆனா இந்த 6 மாசத்தை அதே மேஜிஸ்ட்ரேட் அதே நாற்காலியில உக்காந்து அப்பவே கொடுத்துட முடியாது. உடனடியா தண்டிக்கிறதுக்கு தனி பிரிவு இருக்கு, பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, கிரிமினல் கேஸை எப்படி நடத்தணும்னு சொல்ற சட்டம்) 384, பழைய சி.ஆர்.பி.சி.ல 345. அதுல அவரால போட முடிஞ்சது அதிகபட்சம் 1000 ரூபா அபராதம் (முன்னாடி 200தான்). அபராதத்தை கட்டலேன்னா மட்டும் ஒரு மாசம் வரைக்கும் சாதாரண ஜெயில், அதுவும் நடுவுல பணம் கட்டிட்டா வெளிய வந்துடலாம். இதைவிட பெரிய தண்டனை வேணும்னு அவருக்கு தோணிச்சுன்னா 385வது பிரிவுப்படி நடந்ததையும் நீங்க சொன்னதையும் எழுதி, அந்த கேஸை விசாரிக்க அதிகாரம் உள்ள வேற மேஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பணும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அன்னிக்கு கோர்ட் கலையுற வரைக்கும் உங்களை காவல்ல உக்கார வைக்கிற அதிகாரம் அவருக்கு இருக்கு. அதுவே தண்டனைன்னு நெனச்சு பயந்து ஓடப் பாக்குறாங்க சில பேர், அப்படி பண்ணாதீங்க, அது தனி கேஸா போயிடும்.

384ல தண்டிக்கணும்னா என்னென்ன முறை பின்பற்றணும்?

இதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை, கொஞ்சம் நிதானமா படிங்க.

விஷயம் கோர்ட்டோட கண் முன்னாடி நடந்திருக்கணும். வராண்டாவுல நின்னு திட்டினாங்கன்னு யாரோ வந்து சொன்னாங்கறதெல்லாம் இதுல வராது. அப்புறம் அதே நாள், கோர்ட் கலையுறதுக்குள்ள குற்றமா எடுத்துக்கணும், அடுத்த வாய்தாவுல திடீர்னு "போன தடவை நீ என்ன பேசின தெரியுமா"ன்னு ஆரம்பிச்சு 384ஐ கையில எடுக்க முடியாது. அடுத்தது, உங்களை ஏன் தண்டிக்கக் கூடாதுன்னு சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுக்கணும். நியாயமான வாய்ப்புன்னா சும்மா பேருக்கு "என்ன சொல்ற"ன்னு கேட்டுட்டு வாய் தொறக்குறதுக்குள்ள ஆர்டர் போடுறது இல்ல. நீங்க என்ன வார்த்தை சொன்னீங்க, என்ன பண்ணீங்க, அது ஏன் குற்றம்னு உங்களுக்கு புரியுற மாதிரி சொல்லணும், அப்புறம் பதில் சொல்ல விடணும்.

கடைசியா, எழுதணும். என்ன நடந்துச்சு, நீங்க ஏதாவது சொல்லியிருந்தா அது என்ன, என்ன முடிவு, என்ன தண்டனை, எல்லாமே ரெக்கார்டுல வரணும். 267வது பிரிவு குற்றம்னா இன்னும் ஒரு படி மேல, அப்போ என்ன விசாரணை நடந்துட்டு இருந்துச்சு, எந்த கட்டத்துல இருந்துச்சு, இடைஞ்சலோ அவமானமோ எந்த மாதிரியானதுன்னு ரெக்கார்டுல தெரியணும். "எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கோர்ட்டில் மரியாதைக்குறைவாக நடந்துகொண்டார்"னு ஒத்த வரியில முடிச்சா பத்தாது. அவர் சொன்ன வார்த்தை என்ன? அது ரெக்கார்டுல இல்லேன்னா மேல் கோர்ட் எதை வெச்சு சரி தப்பு பாக்கும்?

ஜட்ஜே நேர்ல பாத்தாரே, அப்புறம் எதுக்கு என் விளக்கம்?

இந்த கேள்வியை வக்கீலுங்களே கேக்குறாங்க, அதுதான் எனக்கு வருத்தம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்னு நம்ம பாட்டி காலத்துல இருந்து சொல்லிட்டு வர்றோம், கோர்ட்டுக்குள்ள வந்ததும் அதை மறந்துடுறோம்.

நான் நேர்ல பாத்த ஒண்ணு சொல்றேன். ஒரு கோர்ட்டுல மேஜிஸ்ட்ரேட் அம்மா உள்ள வர்றாங்க, டவாலி "சைலன்ஸ்"னு சத்தம் போடுறாரு, எல்லாரும் எந்திரிச்சாச்சு, ஒரு பெரியவர் மட்டும் கடைசி பெஞ்சுல கால்மேல கால் போட்டு உக்காந்தபடியே இருக்காரு. டவாலி போயி அதட்டுறாரு, அப்பவும் அசையல, முகத்தை திருப்பி ஜன்னல் பக்கம் பாக்குறாரு. பாக்குற எல்லாருக்கும் திமிருன்னுதான் தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அந்த அம்மா முகம் சிவந்துடுச்சு, ஆனா ஆர்டர் போடல, கூப்பிட்டு முன்னாடி நிக்க வெச்சு "ஏன் ஐயா எந்திரிக்கல"ன்னு கேட்டாங்க. அவர் பதில் சொல்லல. பின்னாடியே ஓடி வந்த அவர் பொண்ணு, "அம்மா, அப்பாவுக்கு ரெண்டு காதும் கேக்காதுங்கம்மா, மெஷின் ரிப்பேர்ல இருக்கு, நான் டாய்லெட் போயிருந்தேன்"னு கை கூப்பினா. அவ்ளோதான் விஷயம். அந்த அம்மா டவாலிகிட்ட சொல்லி அவருக்கு முன் பெஞ்சுல இடம் போட்டுக் கொடுத்தாங்க. ஒரு நிமிஷம் கேட்டதால ஒரு மனுஷன் மேல விழ இருந்த அநியாயம் நின்னுச்சு. கேக்காம விட்டிருந்தா ரெக்கார்டுல "வேண்டுமென்றே எழுந்திருக்கவில்லை"ன்னு ஏறியிருக்கும், அது பொய்யின்னு அந்த ரூம்ல யாருக்குமே தெரிஞ்சிருக்காது.

கண் பாக்குறது செய்கையை மட்டும்தான். இந்த குற்றத்துக்கு தேவையானது எண்ணம். எண்ணத்தை ஆளைக் கேட்டாத்தான் தெரியும், அதுக்குத்தான் விளக்கம்.

அப்போ எது அவமதிப்பு, எது இல்ல?

சட்டத்துல "வேணும்னே"ங்கற வார்த்தைதான் உயிர். போன் அடிச்சிருச்சு, பதட்டத்துல குரல் ஒசந்துடுச்சு, கூண்டுல சாஞ்சு நின்னாரு, லுங்கி கட்டிட்டு வந்துட்டாரு, பதில் சொல்ல நேரமாச்சு, இதெல்லாம் தன்னால குற்றம் ஆகிடாது. வெளிய போகச் சொல்லலாம், எச்சரிக்கலாம், போனை ஆஃப் பண்ண சொல்லலாம். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாம கத்திட்டே இருக்கிறது, ஜட்ஜைப் பாத்து கெட்ட வார்த்தை சொல்றது, பேப்பரை மூஞ்சில எறியுறது, இதெல்லாம் வேற கதை.

உங்க சட்ட உரிமையை கேக்குறது அவமதிப்பே இல்ல. "இந்த கேஸை வேற கோர்ட்டுக்கு மாத்தணும்னு மனு போடுறேன்", "என் ஆட்சேபனையை எழுதிக்கோங்க"ன்னு மரியாதையா சொன்னா அது ஜட்ஜுக்கு பிடிக்காம போகலாம், ஆனா குற்றம் கிடையாது. மனநல பிரச்சனை உள்ளவங்க, போதையில வந்தவங்க, சின்ன புள்ளைங்க விஷயத்துல இன்னும் கவனமா பாக்கணும், தண்டனை போடுறதுக்கு முன்னாடி டாக்டரா இல்ல வீட்டாளுங்களா யார் தேவைன்னு யோசிக்கணும்ங்கறது என் கருத்து.

கையைத் தூக்கிட்டு நிக்கச் சொல்றாங்க, தோப்புக்கரணம் போட சொல்றாங்க, அதெல்லாம் சட்டப்படியா?

இல்ல. அபராதம், கட்டாட்டி ஜெயில், இது ரெண்டைத் தவிர 384ல வேற தண்டனையே இல்ல. சட்டத்துல இல்லாத தண்டனையை எந்த கோர்ட்டும் கண்டுபிடிக்க முடியாது.

2025 ஜூலையில டெல்லி துவாரகா கோர்ட்டுல இது நடந்துச்சு. பெயில் பாண்ட் (ஜாமீன் பத்திரம்) கொடுக்க லேட் பண்ணி கோர்ட் நேரத்தை வீணாக்கிட்டாங்கன்னு சொல்லி, எதிரிங்களை பழைய ஐ.பி.சி. 228வது பிரிவுல குற்றவாளின்னு தீர்மானிச்சு, கோர்ட் கலையுற வரைக்கும் கையை மேல தூக்கிட்டு நிக்கணும்னு ஒரு மேஜிஸ்ட்ரேட் ஆர்டர் போட்டாரு. அப்பீல்ல செஷன்ஸ் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. பாண்ட் தர லேட் ஆனது அந்த பிரிவுக்குள்ளயே வராது, அவங்க தரப்பை கேக்கவும் இல்லன்னு ரெண்டையும் சுட்டிக்காட்டிச்சு. எதிரியா நிக்கிறவருக்கும் அரசியல் சட்டம் 21ங்கற கண்ணியம் உண்டு, கூண்டுக்குள்ள ஏறினதும் அது வெளிய நின்னுடாது.

அவமானப்பட்டவரே தீர்ப்பும் சொல்றாரே, இது எப்படி நியாயம்?

நியாயமான சந்தேகம். தன் வழக்குல தானே நீதிபதியா இருக்கக் கூடாதுங்கறது பழைய விதி. நம்ம சட்டமும் அதை ஒத்துக்குது, பி.என்.எஸ்.எஸ். 391 என்ன சொல்லுதுன்னா, 384 மாதிரி ஒரு சில பிரிவைத் தவிர, தன் முன்னாடி நடந்த இந்த மாதிரி குற்றத்தை அந்த மேஜிஸ்ட்ரேட்டே விசாரிக்கக் கூடாது. அதாவது 1000 ரூபாங்கற சின்ன விஷயத்துக்கு மட்டும் விதிவிலக்கு, அதுக்கு மேல போனா கை மாறணும். முழு விசாரணை வேணும்னா அந்த கோர்ட் எழுத்துல புகார் கொடுக்கணும், போலீஸே தானா கேஸ் எடுத்து நடத்த முடியாது, 215வது பிரிவு இதைத்தான் சொல்லுது.

வெளிநாட்டுலயும் இதே சிக்கல் வந்திருக்கு. சைப்ரஸ்ல ஒரு வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணும்போது நீதிபதிகள் ஒருத்தருக்கொருத்தர் சீட்டு எழுதி பாஸ் பண்ணிக்கிறாங்கன்னு குத்தலா சொல்லிட்டாரு, அதே பெஞ்ச் அங்கேயே 5 நாள் ஜெயில் போட்டுச்சு. 2005ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தோட பெரிய அமர்வு, புண்பட்ட நீதிபதிகளே தண்டிச்சதால அங்க நடுநிலை இல்லன்னு சொல்லிடுச்சு.

நம்ம உச்ச நீதிமன்றத்துல 2009ல வேற மாதிரி போச்சு. விசாரணை நடக்கும்போது நீதிபதிகள் மேல செருப்பு எறிஞ்சாங்க. ரெண்டு பேர் பெஞ்சுல ஒருத்தர் அங்கேயே 3 மாசம் தண்டனை போட்டாரு, இன்னொருத்தர் நோட்டீஸ் கொடுத்து முறைப்படி போகணும்னு மாறுபட்டாரு. பின்னாடி 3 நீதிபதி அமர்வு முதல்ல சொன்னதைத்தான் ஏத்துக்கிச்சு. எனக்கு இன்னிக்கும் ரெண்டாவது நீதிபதி சொன்னதுதான் சரின்னு படுது. எல்லாரும் பாத்த குற்றம்தான், ஆனா அடுத்த நாள் வரைக்கும் காத்திருந்தா நீதிமன்றத்தோட மதிப்பு கூடியிருக்குமே தவிர குறைஞ்சிருக்காது. இன்னொண்ணு, அது 1971ம் வருஷ கோர்ட் அவமதிப்பு சட்டத்துல உச்ச நீதிமன்றத்துக்கு இருக்கிற அதிகாரம், அதைக் காட்டி மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல விளக்கம் கேக்காம தண்டிக்க முடியாது. 384லயே வாய்ப்பு கொடுக்கணும்னு கறுப்பு வெள்ளையில இருக்கு.

அப்போ கோர்ட்டுக்கு மரியாதையே தேவையில்லன்னு சொல்றீங்களா?

சொல்லவே இல்ல. கீழ் கோர்ட் ஜட்ஜுங்க நிலைமை எனக்கு தெரியும், ஒரு நாளைக்கு கட்டுக்கட்டா கேஸ், ஃபேன் ஓடாத ஹால், ரெண்டு தரப்பும் கத்துறாங்க, சில நேரம் வக்கீலுங்களே கும்பலா வந்து மிரட்டுறாங்க. 1989ல குஜராத் நடியாத்ல தலைமை மேஜிஸ்ட்ரேட்டையே போலீஸ்காரங்க அடிச்சு விலங்கு போட்டு கயிறு கட்டி இழுத்துட்டு போனாங்க, 1991ல உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரிங்களை தண்டிச்சுது. அப்படி ஒரு பதவிக்கு பாதுகாப்பு வேணும்தான். சாட்சி பயமில்லாம பேசணும்னா அந்த ஹால்ல ஒழுங்கு இருக்கணும்தான். அந்த ஒழுங்கை காப்பாத்துறதுக்கு சட்டம் வழியும் கொடுத்திருக்கு, அந்த வழியில போகச் சொல்றேன், அவ்ளோதான்.

கன்டெம்ப்ட்டுக்கு (கோர்ட் அவமதிப்புக்கு) ஹைகோர்ட்டுக்கு எழுதுவேன்னு மேஜிஸ்ட்ரேட் சொல்றாரே?

மேஜிஸ்ட்ரேட்டுக்கு தானே கன்டெம்ப்ட் தண்டனை கொடுக்கிற அதிகாரம் இல்ல, 1971 சட்டப்படி ஹைகோர்ட்டுக்கு பரிந்துரை அனுப்பலாம். ஆனா அதே சட்டத்தோட 10வது பிரிவுல, கீழ் கோர்ட்டுல நடந்தது ஏற்கெனவே ஐ.பி.சி.ல தண்டிக்கக்கூடிய குற்றமா இருந்தா ஹைகோர்ட் அதை கன்டெம்ப்ட்டா எடுக்கக் கூடாதுன்னு இருக்கு. அப்படி போனாலும் அங்க நோட்டீஸ் வரும், பதில் போடலாம், ஒரு வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கணும்ங்கற காலக்கெடுவும் உண்டு.

மன்னிப்பு கேட்டா விட்ருவாங்களா?

பி.என்.எஸ்.எஸ். 387வது பிரிவுப்படி கோர்ட்டுக்கு திருப்தியா மன்னிப்பு கேட்டா விடுவிக்கலாம், போட்ட தண்டனையையும் ரத்து பண்ணலாம், அது அவங்க விருப்பம். தப்பு பண்ணியிருந்தா உடனே, சுருக்கமா, மனசார கேளுங்க, "ஆனா அவரும் என்னை..."ன்னு இழுக்காதீங்க. தப்பே பண்ணலேன்னா? அப்பவும் "கோர்ட்டை அவமதிக்கிற எண்ணம் எனக்கு இல்லைங்க ஐயா, இப்படித்தான் நடந்துச்சு"ன்னு சொல்லலாம், அது பொய்யா ஒத்துக்கிறது இல்ல. கால்ல விழ வேண்டாம், யாரும் விழச் சொல்லவும் கூடாது. கூப்பிடுற முறையைப் பத்தியும் பயப்படாதீங்க, கீழ் கோர்ட்டுல "சார்"னோ அதுக்கு சமமான நம்ம மொழி வார்த்தையோ போதும்னு பார் கவுன்சில் 2006லயே வக்கீலுங்களுக்கு விதி போட்டிருக்கு, உங்களுக்கு "ஐயா", "அம்மா" தாராளமா போதும்.

சாட்சியா போறேன், பதில் சொல்லலேன்னா?

நியாயமான காரணம் இல்லாம மறுத்தா, காரணத்தை எழுதி 7 நாள் வரைக்கும் ஜெயில்ல வைக்கலாம் (388). நடுவுல பதில் சொல்ல ஒத்துக்கிட்டா முடிஞ்சது. எதிரியா நிக்கிறவர் கதை வேற, தனக்கு எதிரா சாட்சி சொல்ல கட்டாயப்படுத்த முடியாது, அரசியல் சட்டம் 20(3). அவர் மௌனமா இருக்கிறது அவமதிப்பு ஆகாது.

தாசில்தார், ஆர்.டி.ஓ. முன்னாடியும் இதே சட்டமா?

384ல ரெவின்யூ கோர்ட்டும் வருது. ஆனா அவர் அப்போ கோர்ட்டா உக்காந்து விசாரணை நடத்திட்டு இருக்கணும். பட்டா விஷயமா ஆபீஸ் ரூம்ல போய் சத்தம் போட்டீங்கன்னா அது வேற சட்டம், இந்த பிரிவு கிடையாது.

வக்கீலோட சன்னதை (தொழில் பண்ற உரிமத்தை) பிடுங்க முடியுமா?

மேஜிஸ்ட்ரேட்டால முடியாது. உச்ச நீதிமன்றமே கன்டெம்ப்ட் வழக்குல வக்கீல் சன்னதை நிறுத்தி வைக்க முடியாதுன்னு 1998ல அரசியல் சாசன அமர்வு சொல்லிடுச்சு, அது பார் கவுன்சில் வேலை. 2016ல சென்னை ஹைகோர்ட் வக்கீலுங்களை ஆஜராக விடாம தடுக்க புது விதி கொண்டு வந்துச்சு, அப்போ நாங்க எல்லாம் தெருவுல நின்னோம், 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து பண்ணுச்சு.

அந்த நேரத்துல நான் என்னதான் பண்ணணும்?

வாயை மூடி ஒரு நிமிஷம் நில்லுங்க. கோவத்துல சொல்ற ரெண்டாவது வார்த்தைதான் முதல் வார்த்தையை குற்றமாக்குது, இதை எத்தனையோ தடவை பாத்துட்டேன். அப்புறம் வக்கீலைப் பாக்க அனுமதி கேளுங்க, காவல்ல உக்கார வெச்சா அது உங்க உரிமை, அரசியல் சட்டம் 22(1). வக்கீல் இல்லேன்னா கோர்ட்லயே சட்டப் பணிகள் குழு வக்கீல் இருப்பாங்க, வெளிய இருக்கிற சொந்தக்காரங்க 15100ங்கற சட்ட உதவி நம்பருக்கு போன் பண்ணலாம், காவல்ல இருக்கிறவங்களுக்கு இந்த உதவி இலவசம். விளக்கம் கேட்டாங்கன்னா சுருக்கமா சொல்லிட்டு, "நான் சொன்னதை எழுதிக்கோங்க ஐயா"ன்னு கேளுங்க. எழுதாம விட்டுட்டாங்கன்னா அன்னிக்கே உங்க வக்கீல் மூலமா ஒரு மெமோ போட்டு, நீங்க சொன்னதை அப்படியே எழுதி தேதி போட்டு தாக்கல் பண்ணுங்க. மெமோவை வாங்க மாட்டேன்னு சொன்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி ரசீதை வெச்சுக்கோங்க, நாளைக்கு அப்பீல்ல பேசப் போறது அந்த காகிதம்தான்.

1000 ரூபா கட்டிட்டேன், முடிஞ்சு போச்சு. இனி எதுக்கு அப்பீல்?

முடியல. அது தண்டனைதான், அரசு வேலைக்கு ஃபாரம் நிரப்பும்போது "தண்டனை பெற்றதுண்டா"ன்னு ஒரு கட்டம் வரும், அப்போ கை நடுங்கும். சின்ன அபராதத்துக்கு அப்பீல் இல்லன்னு வேற இடத்துல இருக்கிற தடை இதுக்கு பொருந்தாது, 390வது பிரிவு தனியா அப்பீல் உரிமை கொடுத்திருக்கு, மேஜிஸ்ட்ரேட் கோர்ட் ஆர்டர்னா செஷன்ஸ் கோர்ட்டுக்கு போகணும், அங்க முடிவை மாத்தலாம், தண்டனையை குறைக்கலாம், மொத்தமா ரத்தும் பண்ணலாம். ஜட்ஜோட நடத்தை பத்தி தனியா புகார் இருந்தா அது ஹைகோர்ட் விஜிலன்ஸ் பக்கம் போற விஷயம், அதையும் அப்பீலையும் ஒரே பேப்பர்ல கலக்காதீங்க, கலந்தா ரெண்டும் கெட்டுடும். காலக்கெடு 30 நாள். அதனால பணம் கட்டின ரசீதை பத்திரமா வெச்சுக்கிட்டு, அன்னிக்கு சாயங்காலமே இல்ல மறுநாள் காலையில நகல் மனு போட்டுடுங்க, ஆர்டர் நகல் மட்டும் பத்தாது, அன்னிக்கு அந்த கேஸ்ல எழுதின ரெக்கார்டு மொத்தமும் கேளுங்க, நீங்க சொன்ன வார்த்தை அதுல இருக்கா இல்லையான்னு முதல்ல பாருங்க.